மூச்சு வாங்கும் மூன்றரை நிமிடம்

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக் குன்றின் படிகளில் நிற்காமல் ஏறிப் பாருங்கள். கொஞ்ச தூரம் வரை கூட வருகிறவனோடு பேசிக்கொண்டே ஏறலாம். பாட்டுப் பாடச் சொன்னால் முடியாது. வேகத்தைக் கூட்டினால் நாலு வார்த்தைக்கு மேல் பேச்சே வராது, மூச்சு வாங்கும். உடலுழைப்பை அளக்க மருத்துவர்களிடம் விதவிதமான கருவிகள் இருந்தாலும், அவர்கள் எல்லோருக்கும் சொல்லித்தருகிற சோதனை இதுதான். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. பேச்சே தடுமாறினால் கடும் உழைப்பு. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

குன்றின் மேலே தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் கட்டியது. காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே அரசன்தான். அங்கே ஒரு சிறு சன்னதியின் சுவரில் மங்கிப்போன வண்ண ஓவியம் ஒன்று உண்டு. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடக்கி ஒயிலாக நின்றபடி பார்வதி சிவனின் நடனத்தைப் பார்க்கிறார். ஆடுகிறவர் ஆடுகிறார், சரி. பார்க்கிறவர்கூட நின்றுகொண்டுதான் பார்க்கிறார்! நாமோ ரீல்ஸில் யாராவது ஆடினால் படுத்துக்கொண்டு பார்க்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவ உலகம் சொல்கிறது. கேட்டவுடனே தலையாட்டிவிடாதீர்கள். யார் பார்த்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்தக் கண்டுபிடித்த விதம்தான்.

முதலில், எது உட்கார்ந்திருத்தல்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கிற ஆற்றலை 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். சுறுசுறுப்பாக நடந்தால் அது 3-ஐத் தாண்டும். நன்றாக ஓடினால் 8-ஐத் தாண்டும். விழித்திருக்கிற நேரத்தில், உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5-க்கு மேல் போகாமல் கழிகிற நேரம்தான் கணக்கில் வருகிறது. தூக்கம் இதில் சேராது.

இதை வீட்டில் சொன்னால் ஆயா சண்டைக்கு வருவார். "காலையிலேர்ந்து குந்திக்கினு மல்லாட்டை ஆயறேன். அப்ப எனக்கும் அந்த நோவு வருமாடா?" என்பார். நல்ல கேள்வி. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹட்சா என்ற வேட்டைச் சமூகம் இருக்கிறது. காட்டில் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, வேட்டையாடி வாழ்கிறவர்கள். அவர்கள் காலில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பகலில் அவர்கள் ஓய்வாக இருக்கிற நேரம் ஏறக்குறைய 10 மணி நேரம்! நம் ஊர் ஆபீஸ் ஆட்கள் உட்காருவதற்குக் குறைவில்லை. ஆனால் அவர்களிடம் நாற்காலி கிடையாது. அந்த ஓய்வில் கணிசமான நேரம் குந்தியிருக்கிறார்கள், அல்லது மண்டியிட்டிருக்கிறார்கள். குந்தியிருக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் விடாமல் வேலை செய்தபடியே இருக்கின்றன. நாற்காலியில் சாய்ந்தால் அவை அடங்கிப்போகின்றன. புற்றுநோயை வைத்து இதை யாரும் எடைபோடவில்லை என்றாலும், ஆயா குந்துவதும் நீங்கள் சோபாவில் புதைவதும் தசைகளுக்கு ஒன்றில்லை என்பது உறுதி. அதோடு ஆயா நடுநடுவே எழுந்து கோழியை விரட்டுவார், மூட்டையை இழுப்பார்.

புற்றுநோய் என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. பழையவை அழிய, புதியவை பிறக்கும். பெருங்குடலின் உட்தோல் ஒரு வாரத்துக்குள் புதிதாகிவிடுகிறது. ஒரு செல் இரண்டாகும்போதெல்லாம், உள்ளே இருக்கிற 300 கோடி எழுத்து நீளமுள்ள மரபுக் குறிப்பையும் பார்த்து எழுதியாக வேண்டும். லீவு போட்டவன் அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதுகிற மாதிரி. எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். திருத்துவதற்கும் செல்லுக்குள் ஏற்பாடு இருக்கிறது. திருத்த முடியாத அளவு பிழையானால் அந்தச் செல் தானாகவே மடிந்துவிடும். இத்தனையையும் மீறி, 'நிறுத்து' என்ற கட்டளையே அழிந்துபோன ஒரு செல் தப்பித்துப் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்றுநோய். பெரும்பாலும் இது பல ஆண்டுகள், பிழைமேல் பிழையாகச் சேர்ந்து நடப்பது.

பல ஆண்டுகள் நடப்பதால்தான் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஒருவரை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, "இதோ வந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பேரை எண்ண வேண்டும்.

அப்படி எண்ணியவர்களில் முந்தியவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள், சிவர்ட்சனும் டால்ஸ்டிராமும். 1922-இல், யார் யார் என்ன வேலை பார்த்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று பார்த்து, உடல் உழைப்பு மிகுந்த வேலைக்காரர்களில் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவு என்று எழுதினார்கள். அதை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து வருவது பஸ் கதை. இது இதயநோய் பற்றியது, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. லண்டனில் மாடி பஸ்கள் ஓடும், அந்தக் காலத்தில் அவற்றில் கண்டக்டர்களும் உண்டு. டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போடுவதற்காக மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குவார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரின் குழுவினர் பஸ்ஸிலேயே உட்கார்ந்து எண்ணினார்கள். ஒரு கண்டக்டர் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார்! ஒரே ஊர், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே மாதிரியான வாழ்க்கை. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகத்தான் வந்தது. 1953-இல் இது வெளியானதும் பலர் குறுக்குக் கேள்வி கேட்டார்கள்: "குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்னவோ?" மோரிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் சீருடை தைத்த கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது! அதையும் 1956-இல் அச்சில் போட்டார். பிறகு ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று பிரித்துப் பார்த்தபோதும், எந்த அளவு பேன்ட் போட்டிருந்தாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தன் முடிவுக்கு எதிரான சந்தேகத்தைத் தானே தேடிப்போய்ச் சோதித்த மனுஷர். 99 வயது வரை வாழ்ந்தார்.

இதே வழியில், 1984-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் பெருங்குடல் புற்றுநோயை எண்ணினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருந்த ஆண்களுக்கு, நல்ல உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களைவிட அந்த ஆபத்து 1.6 மடங்கு இருந்தது.

நம் ஊரில் எண்ணுகிற வேலை அடையாறில் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அங்கே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் யாருக்கு என்ன புற்றுநோய் வந்தது என்று அந்த மருத்துவமனை பதிவு செய்துவருகிறது. நோயாளிகள் வந்து பெயர் கொடுப்பார்கள் என்று காத்திருக்காமல், பணியாளர்களே ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய்க் கேஸ் தாள்களையும் இறப்புப் பதிவுகளையும் புரட்டி எடுக்கிற கணக்கு அது. 2012-இலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் இப்படி ஒரு பதிவேடு நடக்கிறது. விழுப்புரம் மாவட்டமும், அதில் நம் பனமலையும் அடக்கம்.

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உட்கார்ந்தே இருந்தால் பெருக்கிற இடுப்பை அளக்க வெறும் இன்ச் டேப்தான் முக்கியக் கருவி. மார்பகப் புற்றுநோய் வந்த 1866 பெண்களையும், அது இல்லாத, அதே வயதுடைய 1873 பெண்களையும் அளந்தார்கள். இடுப்புச் சுற்றளவு 85 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது, அதிலும் வயது முதிர்ந்த பெண்களுக்குக் கூடுதலாக. அப்படிப்பட்ட இடுப்பளவு கிராமத்துப் பெண்களைவிட நகரத்துப் பெண்களிடம்தான் அதிகம் இருந்தது.

2014-இல் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் அதுவரை பல நாடுகளில் வந்த 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள். மொத்தம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். மிக அதிகம் உட்கார்ந்தவர்களுக்கு, மிகக் குறைவாக உட்கார்ந்தவர்களைவிடப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 24 சதவீதம் கூடுதல். கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோயிலும் இப்படிக் கூடுதல் தெரிந்தது. வயிறு, சிறுநீரகம் போன்ற பல இடங்களில் வரும் புற்றுநோய்களில் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே "உட்கார்ந்தால் புற்றுநோய்" என்று யாராவது வாட்ஸப்பில் மொட்டையாக அனுப்பினால் அது பாதி உண்மை.

24 சதவீதம் என்றதும் நூறு பேரில் 24 பேருக்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரியவர்களே தடுக்கி விழுகிற இடம் இது. குறைவாக உட்காருகிற ஆயிரம் பேரில் 10 பேருக்கு வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 10-இல் 24 சதவீதம் 2.4. அப்படியானால் அதிகம் உட்காருகிற ஆயிரம் பேரில் 12 அல்லது 13 பேருக்கு வரும். மீதி 987, 988 பேருக்கு வராது. இந்த இரண்டு மூன்று பேருக்காகவா இத்தனை கூச்சல் என்று கேட்கலாம். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு அது சின்ன எண். ஏறக்குறைய எட்டுக் கோடி பேர் வாழ்கிற மாநிலத்துக்குச் சின்னதில்லை.

அந்த ஜெர்மன் ஆய்வில் ஒரு புதிர் இருந்தது. மொத்தமாக உட்கார்ந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் 24 சதவீதம். டிவி முன்னால் உட்கார்ந்த நேரத்தை மட்டும் எடுத்தால் 54 சதவீதம்! டிவி பெட்டியிலிருந்து ஏதாவது கதிர் வருகிறதா? இல்லை. கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிப்ஸ், மிக்சர், கலர் தண்ணீர். அங்கே உட்கார்ந்திருப்பதோடு நொறுக்குத்தீனியும் சேர்ந்துகொள்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். இன்னொரு புதிர் 2016-இல் வந்தது. அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், ஓய்வு நேரத்தில் நன்றாக ஓடியாடியவர்களுக்கு 13 வகைப் புற்றுநோய்கள் குறைவாக வந்தன. ஆனால் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் அவர்களுக்கு 27 சதவீதம் அதிகம். ஓடினால் தோல் கெடுமா? கொஞ்சம் யோசியுங்கள். வெள்ளைத் தோல்காரர்கள் ஓடுவதும் விளையாடுவதும் எங்கே? வெயிலில். இரண்டு விஷயங்கள் கைகோத்து வந்தால், மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கப் பழகிக்கொள்வது இந்த வேலையில் பாதி.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். கணையம் இன்சுலினைச் சுரந்து, செல்களைச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளச் சொல்லும். உடம்பிலேயே பெரிய சர்க்கரைத் தீனிக்காரர் தசை. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு எழாமல் கிடந்தால் அந்தச் சுலப வழி மூடிக்கிடக்கும், கணையம் மேலும் மேலும் இன்சுலினை ஊற்ற வேண்டியிருக்கும். இன்சுலினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது செல்களை வளரவும் இரண்டாகவும் தூண்டும், மடிய வேண்டிய செல்லை மடியவிடாமலும் தடுக்கும். பார்த்து எழுதும் வேலை கூடினால் பிழையும் கூடும், பிழையானது தப்பிக்கவும் வழி கிடைக்கும். உட்கார்ந்தே இருந்தால் சேரும் வயிற்றுக் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

குடலுக்குத் தனிக் காரணம் ஒன்றையும் சொல்கிறார்கள். சிரிக்கக் கூடாது. நடமாடுகிறவர்களுக்குக் குடலில் கழிவு வேகமாக நகரும். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அது தேங்கும். தேங்கினால், கழிவில் உள்ள கெட்ட பொருள்கள் குடலின் உட்தோலோடு ஒட்டிக்கிடக்கும் நேரம் கூடும்.

டென்மார்க்கில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கூட்ட எலிகளுக்குக் கூண்டில் சுற்றுகிற சக்கரம் வைத்தார்கள். எலிகளுக்கு அதில் ஓடுவது விளையாட்டு, யாரும் விரட்டத் தேவையில்லை. மற்ற கூட்டத்துக்குச் சக்கரம் இல்லை. ஓடிய எலிகளில் கட்டிகள் உண்டாவதும் வளர்வதும் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. ஓடும்போது சுரக்கிற அட்ரினலின், இயற்கைக் கொல்லிகள் என்று பெயர் பெற்ற பாதுகாப்புச் செல்களை இரத்தத்தில் கிளப்பிவிட, அவை கட்டிக்குள் புகுந்து தாக்கியிருந்தன. 2016-இல் வந்த ஆய்வு இது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2025-இல் மனிதர்களிடமும் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி. மறு பாதிக்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும். எட்டு ஆண்டு முடிவில், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 83 பேர். குலுக்கிப் பிரித்ததால், பேன்ட் அளவுக் கேள்வியை இங்கே யாரும் கேட்க முடியாது.

இங்கே ஒன்று அழுத்திச் சொல்லியாக வேண்டும். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வந்திருந்தால், அது டிவி பார்த்ததாலோ ஓடாமல் இருந்ததாலோ வந்ததில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களின் கதை வேறு. அது தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். நன்றாக ஓடியாடி வேலை செய்த பெரியவர்களுக்கும் புற்றுநோய் வருகிறது. யாரைப் பார்த்தும் "நீ உட்கார்ந்தே இருந்தாய், அதான்" என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, பீடி, சிகரெட், புகையிலை செய்கிற கெடுதலுக்கு முன்னால் நாற்காலி ஒன்றுமே இல்லை.

"நாம கிராமத்து ஆளுங்க, நமக்கென்ன?" என்று ஒரு குரல் வரும். தமிழ்நாட்டையும் இன்னும் மூன்று இடங்களையும் சேர்த்து 14,227 பேரிடம் எடுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நகரத்தில் 65 சதவீதம் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள். கிராமத்தில்? 50 சதவீதம். இரண்டில் ஒருவர். நாற்று நட மெஷின், அறுக்க மெஷின், டீக்கடைக்குப் போக டூ-வீலர் என்று ஆனபின் வேறெப்படி இருக்கும்? மெஷின் வந்தது நல்லதுதான், முதுகு ஒடிய நாற்று நட்டவர்களுக்கு அது தெரியும். ஆனால் மிச்சமான அந்த நேரத்தை நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

இப்போது முதலில் சொன்ன மூச்சு வாங்குகிற சோதனை. பிரிட்டனில் "நான் உடற்பயிற்சியே செய்வதில்லை" என்று சொன்ன 22,398 பேர் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவி கட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கவனித்ததில் 2356 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அன்றாட வேலையின் நடுவே, நாளெல்லாம் சேர்த்து வெறும் மூன்றரை நிமிடம் மூச்சு வாங்க எதையாவது செய்தவர்களுக்கு, அதுவும் செய்யாதவர்களைவிட ஆபத்து 17, 18 சதவீதம் குறைவாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவது, கனமான பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பது. பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம்கூட இல்லை. 2023-இல் இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பனமலை ஏரிக்கரைதான். எதிர்க்காற்றில் சைக்கிளை எழுந்து நின்று மிதிக்கிறீர்களே, அது இந்தக் கணக்கில் வரும். செஞ்சிக்குப் போய் 800 அடி உயர ராஜகிரியில் ஏறினால் மூன்றரை நிமிடம் முதல் வளைவிலேயே தீர்ந்துவிடும்.

அது பெரியவர்களின் கணக்கு. 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது மூச்சு வாங்கும் ஆட்டம். பி.இ.டி. பீரியடைக் கடன் வாங்குகிற கணக்கு வாத்தியாரிடம் இந்த எண்ணைக் காட்டலாம். அவருக்கு எண் என்றால் பிடிக்கும்.

ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காரலாம் என்பதற்கு அந்த நிறுவனம் எண் எதுவும் போடவில்லை. ஆதாரம் போதவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. பழைய ஆய்வுகள் பலவும் "நீங்கள் தினமும் எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள்?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டவை. கேட்டால் யாருக்குச் சரியாகத் தெரியும்?

இதை நீங்களே சோதிக்கலாம். வீட்டில் அப்பா, அம்மா, ஆயா, அண்ணன் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு, சொல்கிற விடையை ஒரு நோட்டில் எழுதி மூடிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து ஓர் எழுத்துப் போடுங்கள். உட்கார்ந்தோ, விழித்தபடி சாய்ந்தோ படுத்தோ இருந்தால் 'உ', குந்தியிருந்தால் 'கு', நின்றால் 'நி', நடமாடினால் 'ந'. இரவில் 'உ'-க்களை எண்ணி இரண்டால் வகுத்தால் மணிக்கணக்கு வந்துவிடும். மூடிவைத்த பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். பகலில் கண்ணயர்ந்தவர்களுக்கு 'தூ' என்று போட மறக்காதீர்கள், அது 'உ'-வில் சேராது.